தீர்ப்புச் சொல்ல வந்த மகள்கள்

அக்கா,

ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருக்கும் ஆப்பிரிக்கக் கடையில் நேற்றுக் கோலாக் கொட்டையைக் கண்டேன். ஒன்றை வாங்கி வாசலில் நின்றே கடித்தேன். நீங்கள் அன்று தந்ததன் அதே கசப்பு. பிறகு தண்ணீர் குடித்தபோது நாக்கில் அதே இனிப்பு. நீங்கள் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தொண்ணூறுகளில் அந்தச் சந்தையில் ஒரே மேசையில் நின்று குடைமிளகாய் தரம் பிரித்த காலத்தில் நாம் கதைத்தது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், இரண்டும் அரைகுறை. ஆனால் என் நினைவில் நீங்கள் நல்ல யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

உங்கள் தம்பி தன் மனைவியோடு ஒரு மாதமாகப் பேசாமல் இருந்த கதை முதலில். நீங்களும், அவருடைய குலத்தில் பிறந்த இன்னும் நான்கு பெண்களும் பாய் தலையணையோடு அவர் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்தீர்கள். ஒருத்தி டொரொண்டோவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நான் புதினம் பார்க்க வந்தவள். ஒரு குலத்தில் பிறந்த பெண்கள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாலும் அவர்களை உமுஅடா என்று சொல்வோம், ஆண்களால் தீர்க்க முடியாத குடும்பச் சண்டையை அவர்கள்தான் தீர்க்க வேண்டும் என்று அன்றுதான் விளக்கினீர்கள். தீரும்வரை போகமாட்டார்கள். வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். வெளியே போ என்று உங்கள் இக்போ இனத்தில் எந்த ஆணும் வாய் திறக்கமாட்டான். உங்கள் தம்பி ஆறடி உயரம். இரண்டாம் நாள் மத்தியானம் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார், தண்டமாக ஓர் ஆட்டையும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு அன்று உங்கள் மேல் பொறாமையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

என் அண்ணனும் தம்பியும் அப்போது இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. அண்ணன்தான் தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, பார்க் எக்ஸ்டென்ஷனில் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். "அண்ணை என்னை வேலைக்காரன் மாதிரித்தான் வைச்சிருந்தவர்" என்று தம்பி எங்கோ ஒரு கொண்டாட்டத்தில் சொன்னானாம். அதை யாரோ கொண்டுவந்து அண்ணன் காதில் போட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார்கள். கொழும்பில் அம்மாவுக்கு விசா கிடைத்தது. பிள்ளைகள் மூவரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு மூன்று கிழமையில் வந்து இறங்கப்போகிறார். அம்மா அவன் வீட்டுப் படி மிதித்தால் என் வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

மிளகாய்ப் பெட்டிக்கு மேலே குனிந்து நான் அழுதேன். நான் கட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளை, பிறந்த வீட்டு விஷயத்தில் எனக்கு என்ன சொல் இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் மிளகாயைக் கீழே வைத்தீர்கள்.

"கட்டிக் குடுத்தபடியால்தான் உனக்குச் சொல் இருக்கு. அந்த ரெண்டு வீட்டிலையும் உனக்கு எடுக்க ஒண்டுமில்லை. ஆர் பக்கமும் நீ சாயத் தேவையில்லை."

ஆனால் நான் ஒருத்திதானே, உங்களைப் போல் ஐந்து பேரா என்றேன். "ஒருத்தி போகக் கூடாதுதான்," என்றீர்கள். "சனிக்கிழமை நானும் வாறன். உன்ர அப்பாவுக்கு அண்டைக்கு ரெண்டு மகள்."

சனிக்கிழமை காலை தலையணையோடு இரண்டு பேரும் அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தோம். அண்ணனுக்கு நம் திட்டம் விளங்கியதும் முகம் சிவந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த வேற்று மனுஷிக்கு முன்னால் கத்த அவருக்கு மானம் விடவில்லை. கத்துவதற்குப் பதிலாக, எப்போதும் போல, "தங்கச்சி, போய்த் தேத்தண்ணி போடு" என்றார். நான் எழுந்துவிட்டேன் அக்கா. கால் தானாக எழுந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் சங்கடப்பட்டால் நாங்கள் அடுப்படிக்குப் போவோம்; பால் கொதிப்பதற்குள் பேச்சு அடங்கிவிடும். அப்படியே எத்தனை பேச்சை அடக்கியிருக்கிறோம். நீங்கள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தீர்கள்.

"இரு. கெஞ்ச வரேல்லை நாங்கள். தீர்ப்புச் சொல்ல வந்தனாங்கள்."

என் காதுக்குள் அரைகுறைப் பிரெஞ்சில் நீங்கள் சொன்னது அண்ணனுக்கு விளங்கியிருக்காது. ஆனால் நான் மறுபடி உட்கார்ந்தது விளங்கியது. அண்ணியே எழுந்து போய் நாலு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்தார். உள்ளூர அண்ணிக்குச் சந்தோஷம்தான், சீனி கூடவே போட்டிருந்தார்.

அன்று மாலை தம்பியையும் வரவழைத்தேன். வாசலில் நின்று உள்ளே வரமாட்டேன் என்றான். அப்படியானால் நீ வரும்வரை நாங்கள் இங்கேதான் என்றேன். ஞாயிறு காலை வந்தான். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பது நீங்கள் சொல்லித்தந்த விதி. அண்ணன் முக்கால் மணித்தியாலம் கதைத்தார். தம்பி ஐந்து நிமிடம்தான். "சொன்னனான்தான். ஆனா அண்ணை என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லையே" என்று அழுதான்.

தீர்ப்பை நான்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமை. வளர்த்தவரைப் பற்றி ஊர் நடுவில் அப்படிச் சொன்னது தம்பி பிழை. ஊரார் சொன்னதை நம்பி, சொந்தத் தம்பியிடம் இரண்டு வருடம் கேட்காமல் இருந்தது அண்ணன் பிழை. உங்கள் வழக்கப்படி தண்டமும் போட்டேன். தம்பி ஆட்டிறைச்சி வாங்கி வர வேண்டும். டவுன்டவுன் உணவகத்தில் ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு வீட்டில் சுடுதண்ணீர்கூட வைக்காத அண்ணன் அதைச் சமைக்க வேண்டும். ஒரே தட்டில் இருவரும் சாப்பிட வேண்டும். கறியில் உப்புக் கூடிவிட்டது. தம்பி அதைச் சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சிரித்துவிட்டார்.

மிராபெல் விமான நிலையத்தில் அம்மாவின் பெட்டியை யார் தூக்குவது என்று இருவரும் இழுபட்டார்கள். அந்தச் சண்டையை நான் தீர்க்கவில்லை. அம்மா சாகும்வரை, இடையில் இப்படியொரு பிளவு இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு எனக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு பெயர் வந்துவிட்டது. மாமி வாறா என்றால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தீராமல் எழும்பமாட்டா என்று பிரெஞ்சில் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

போன மாதம் அண்ணனின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய தம்பி தன் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். மாமி வந்து தீர்க்க வேண்டும் என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். அந்த வீட்டில் பிறந்த மகள் நீதான், நீ போய் உட்கார் என்றேன். ஒருத்தி தனியாகப் போகக் கூடாது, உன்னோடு யார் வருகிறார்கள் என்றும் கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை, அக்கா.

"சித்தப்பான்ர மகள் கீழை காரிலை நிக்கிறா, மாமி," என்றாள்.