கையெழுத்து வைக்காமல் வந்த காணி

வில்லியே லே பெல் (பரிஸ்),
06.07.2025

அன்புள்ள தம்பி மகேந்திரராசாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கடவுளை வேண்டிக்கொண்டு அக்கா கலாவதி எழுதுவது. நான் எடுத்தால் நீ போனைத் தூக்குகிறாயில்லை. அதனால் இருபது வருடத்துக்குப் பிறகு பேனையைப் பிடித்திருக்கிறேன். எழுத்துக் கோணலென்றால் பொறுத்துக்கொள்.

இங்கே கடும் வெக்கை. லா சப்பலில் நாங்கள் மரக்கறி தரம்பிரிக்கிற கடையின் பின்னறையில் செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். அத்தானுக்கு முழங்கால் வருத்தம் அப்படியே இருக்கிறது.

உனக்கு என்னில் கோபம். நியாயம்தான். நெடுங்கேணியில் இருக்கும் என் சீதனக் காணியின் காட்டை வெளியாக்கி நீ சோளம் போட, அதிகாரத்தை உன் கையில் தருகிற அற்றோனித் தத்துவம் எழுதித் தரத்தான் போன மாதம் ஊருக்கு வந்தேன். எழுதாமலே பிளேன் ஏறிவிட்டேன். விமான நிலையத்தில் வைத்து, "காட்டை விடுவம் தம்பி" என்று மட்டும் போனில் சொன்னேன். ஏனென்று இதில் எழுதுகிறேன்.

காணி அலுவலாய் நீ கச்சேரிக்குப் போயிருந்த அன்று, காடு வெட்டுகிற மெசின்காரர் நீக்கிலாஸ் அண்ணை தறிக்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்கப் போனார். நானும் பின்னால் போனேன். எண்பத்தைந்தில் ஆமிக்குப் பயந்து நாங்கள் ஓடினபோது அது உழுந்து விதைத்த வெட்டை. எல்லையில் நின்ற பாலையைத் தவிர ஒரு மரமில்லை. இப்போது வீதியோரம் நிலம் வெடித்துக் கிடக்க, உள்ளே இருபது அடி வைத்ததும் வெயில் நின்றுவிட்டது. காலுக்குக் கீழே ஈரம். ஆனி மாதத்தில் ஈரம், தம்பி! செருப்பைக் கழற்றிவிட்டேன், ஏனென்று தெரியாது. பாலையும் வீரையும் நாவலும் அண்ணாந்தால் கழுத்து நோகிற உயரம். யார் நட்டது? யார் தண்ணீர் ஊற்றினது? நாங்கள் அங்கே இல்லாததே அதற்குப் போதுமாயிருந்திருக்கிறது.

அந்த எல்லைப் பாலையில் ஒரு பொந்து. வாயெல்லாம் மண் பூசி, ஒரு கீறல்தான் மிச்சம். அதற்குள்ளிருந்து ஒரு சொண்டு அசைந்தது. "அது இருவாய்க்குருவி, தங்கச்சி. பொம்பிளை தன்னைத்தானே உள்ளுக்கை வைச்சு அடைச்சுப்போட்டு அடைகாக்கும். ஆம்பிளைதான் சாப்பாடு குடுக்கவேணும்" என்றார் அண்ணை. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே காற்றைக் கிழிக்கிற சத்தம். நான் அந்த நாள் ஆமி ஹெலியென்று பயந்து குந்திவிட்டேன். ஒரு பெரிய கறுப்புக் குருவி! கீறலுக்குள் ஒவ்வொரு பாலைப்பழமாகக் கொடுத்தது. பதினேழு எண்ணினேன். போய்த் திரும்பவும் வந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அண்ணை தானாகவே பெயின்ற் வாளியை மூடினார்.

"நீங்கள் பரிசிலை இருந்துகொண்டு காடு பாக்கிறியள் அக்கா. நாங்கள் சோளம் போட்டால்தான் உலை வைக்கலாம்" என்று அன்று போனில் கத்தினாய். அது பொய்யில்லை. தகரக் கொட்டிலில் நீ படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வந்தேன்.

ஒன்று யோசித்தேன். ஒன்பது ஏக்கரில் வீதிப்பக்கம் இரண்டு ஏக்கர் வெறும் பற்றைதான். அதை எரிக்காமல் வெட்டி மண்ணோடு உழுதால் எள்ளு விதைக்கலாம். காட்டை அழிக்காத காணிக்காரருக்கு உதவுகிற திட்டமொன்று வவுனியாவில் இருக்கிறதாம். எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, வராமலும் போகலாம்.

வெள்ளிக்கிழமை தூதரகத்துக்குப் போய் அற்றோனித் தத்துவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். இதனோடு இருக்கிறது. ஒன்பது ஏக்கருக்கும்தான். அங்கே வாழ்கிறவன் நீ.

மெசினைக் கூப்பிட முதல் ஒரே ஒரு தரம், கையில் கத்தியில்லாமல் உள்ளே போய் நின்றுவிட்டு வா. பிறகு நீ என்ன செய்தாலும் அக்கா ஒரு சொல் கேட்கமாட்டேன்.

உன் வீட்டில் எந்த நாளும் அடுப்பு எரியட்டும், அப்பன்.

என்றும் உன் அன்பு அக்கா,
கலாவதி