முதுகில் இருந்த கை

மார்ச் 3, செவ்வாய்

அக்கா தவறி விழவில்லை. அவளைத் தள்ளிக் கொன்றார்கள். காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரியும்.

நாற்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று ஏழாவது முறையாகப் போனேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் கேட்டேன். விசாரணை நடக்கிறது, தர முடியாது என்றார் முன்மேசை எழுத்தர். விபத்து என்று முதல் நாளே எழுதிவிட்டீர்களே, அப்புறம் எதைப் பற்றி விசாரணை என்று கேட்டேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாப் பேசுற. சட்டம் படிச்சிருக்கலாமே, எதுக்குத் துணி துவைக்கப் போன?"

நாளைக்கு யாரும் கதையை மாற்றிவிடக்கூடாது. அதற்காக நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அக்கா ஆயத்த ஆடைக் கிடங்கில் தரம் பார்க்கிறவள். இரண்டாம் மாடியில் வேலை. பின்சுவரில் சரக்கு இறக்கும் கதவு ஒன்று உண்டு. திறந்தால் படி கிடையாது, கீழே சிமெண்ட் தரை. கிடங்கு மேலாளரின் மச்சானுக்கு அங்கே வேலை செய்யும் பெண்கள்மேல் கை படாமல் நடக்கத் தெரியாது. ஆறு பெண்கள் கையெழுத்துப் போட்டு முதலாளிக்குப் புகார் எழுதினார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. புகார் கொடுத்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு அக்கா அந்தச் சிமெண்ட் தரையில் கிடந்தாள்.

மீதி ஐந்து பேருக்கும் இப்போது எதுவும் நினைவில்லை.


மார்ச் 5, வியாழன்

இன்று சலவையகத்துக்கு விடுதியிலிருந்து நூற்றிருபது படுக்கை விரிப்புகள் வந்தன. ஒன்றிலும் பெரிய கறை இல்லை. மனதுக்கு வேலையே இல்லாத நாள். அதுதான் கொடுமை.


மார்ச் 9, திங்கள்

கடைசியில் ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். நாற்பது வயதுப் பெண்மணி. மாடியில் ஒற்றை அறை, காற்றாடி சுற்றினால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் நமக்கு வேர்க்கிறது. நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அன்னைக்கு அக்கா போட்டிருந்த துணி யார்கிட்ட இருக்கு தம்பி?"

வீட்டில்தான் இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"போலீஸ் எடுத்து வைக்கலையா? திருப்பிக் கொடுத்துட்டாங்களா? அவங்க பண்ணின பெரிய தப்பு இதுதான். கை வைக்காதீங்க. அப்படியே காகிதப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

சரி என்றேன். என் வாய்தான் சொன்னது.

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது?

பிணவறையில் ஒரு காவலர் பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. அதில் அக்காவின் சாம்பல் நிற மேல்சட்டை, காற்சட்டை, துப்பட்டா. எல்லாம் முடிந்த மறுநாள் அம்மா அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "இத இப்படியே வெக்காதடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சலவையகத்துக்கு எடுத்துப் போனேன். என்னைப் பார்த்ததும் கறை எடுக்கும் மேசையிலிருந்து மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

சட்டையில் இரண்டு கறை இருந்தது. கழுத்திலும் தோளிலும் ரத்தம். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கறுப்பாக மசகு. ஆறு வருடமாக இதுதான் என் வேலை. ஈரம் படுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் குளிர்ந்த தண்ணீரில் ரத்தம். வரிசை மாறினால் இரண்டுமே துணியில் தங்கிவிடும். நான் வரிசையை மாற்றவில்லை. கரைப்பானைத் தொட்டு, அடியில் பழைய துண்டை வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

நாலு விரல். உள்ளங்கையின் அடிப்பகுதி. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன். அது கை என்று என் கண்ணுக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. எனக்கு அது கறை. கறை என்றால் எடுக்கவேண்டும்.

பிறகு தேய்த்து மடித்து அலமாரியில் வைத்தேன். புதுசு மாதிரி இருக்கிறது. அம்மாகூடச் சொன்னாள்.


மார்ச் 10, செவ்வாய்

வக்கீலிடம் போகவில்லை.


மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். வக்கீல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த மசகு எப்படி இருந்தது என்று கேட்டார்.

அது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். தையல் எந்திர எண்ணெய் தண்ணீர் மாதிரி இருக்கும், மஞ்சளாகப் படரும். இது கெட்டி. துண்டில் இறங்கியபோது நடுவில் கரிப்பொடி தங்கியது. சங்கிலிக்குப் போடுகிற மசகு. கிடங்கில் சங்கிலி ஓடுவது ஒரே இடத்தில்தான், சரக்குக் கதவுக்கு வெளியே தொங்கும் பாரம் தூக்கியில். அதை இயக்குகிறவன் ஒரே ஆள்தான், மேலாளரின் மச்சான்.

"நீங்க பாத்தத அப்படியே எழுதிக் கொடுங்க. துணி போயிடுச்சு. இனிமே நீங்கதான் சாட்சி."

கறையைப் போக்கினவனே கறைக்குச் சாட்சி. சிரிப்பு வரவில்லை.


மார்ச் 16, திங்கள்

இன்று இன்ஸ்பெக்டரையே பார்க்க விட்டார்கள். எழுதிக் கொண்டுபோனதை இரண்டு முறை படித்தார்.

"கைத்தடத்தப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"இப்ப எங்க அது?"

"இல்ல சார். எடுத்துட்டேன்."

"சுத்தமாவா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை. சொந்தக்காரர் மாதிரிப் பேசினார்.

"நல்ல வேலைக்காரன்யா நீ. பாரு தம்பி, சாட்சியத்த அழிச்சதா உன்மேலயே ஒரு கேஸ் போடலாம். நான் போடல. ஏன்? ஒரு சாவு விழுந்த வீடு. போய் அம்மாவக் கவனி."

மனுவை வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். முத்திரையில் மை காய்ந்துவிட்டதாம்.

வெளியே பேருந்துக்கு நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பிணவறையில் பையைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் காவலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நீ எங்கப்பா வேலை பாக்குற? சலவையகத்துல, கறை எடுக்கிற வேலை என்றேன். அவர் திரும்பி, வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பை என் கைக்கு வந்தது.

தெரிந்தே கொடுத்தார்களா? இல்லை, என் குற்றத்தை அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறேனா? யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. எதுவா இருந்தாலும் தேய்ச்சது என் கைதானே.


மார்ச் 20, வெள்ளி

காவல் நிலையச் சீருடைகள் எங்கள் சலவையகத்துக்குத்தான் வருகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மூட்டை. இஸ்திரி போடும் அண்ணன் என் பக்கம் குனிந்து, "கஞ்சியக் கொஞ்சம் தூக்கலாப் போட்டு விடட்டுமாடா? ஒரு வாரம் ஒருத்தனும் உக்கார முடியாது" என்றார். சிரித்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. உடனே யாரோ அடித்த மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையோரத்தில் தேநீர்க் கறை. எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.


மார்ச் 26, வியாழன்

கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் ஒருத்தி, பொத்தான் தைக்கிறவள், பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அன்றைக்கு அக்காவைத் தூக்குவதற்கு முன்னால் காவலர்கள் அவளைக் குப்புறத் திருப்பினார்களாம். ஒருவர் கேமராவை வைத்து முதுகைப் படம் எடுத்தாராம். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாராம். கிட்டே போய் இன்னொன்று எடு என்றாராம்.

"நான் மேல சன்னல்ல இருந்து பாத்தேன். கறுப்பா இருந்துச்சு. எனக்கே அங்கேருந்து தெரிஞ்சுது."

வக்கீலிடம் வந்து சொல்வாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என் வீட்டுக்காரருக்கும் அங்கதான் வேலை. என்ன மன்னிச்சிரு. உங்கக்கா மாதிரி எனக்குத் தைரியம் இல்ல."

தைரியம் இருந்தவள் எங்கே இருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவளுடைய பேருந்து வந்தது.

ஆனால் படம் இருக்கிறது. நான் அழித்தது துணியில் இருந்த கையைத்தான். இன்னொரு கை அவர்கள் அலமாரியில் இருக்கிறது.


ஏப்ரல் 2, வியாழன்

சம்பவ இடத்தில் எடுத்த படங்களின் நகல் கேட்டு மனு. முன்மேசையில் வாங்க மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் அலுவலகத்துப் பெண் முகவரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை. பாவம் என்றா, பைத்தியம் என்றா?


ஏப்ரல் 17, வெள்ளி

பதில் வந்துவிட்டது. ஒரே வாக்கியம். "கோரப்பட்ட புகைப்படங்களை வெளியிடுவது விசாரணையைப் பாதிக்கும் என்பதால் வழங்க இயலாது."

வக்கீல் மேசையைத் தட்டினார். படம் இருப்பதாக அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். நீதிமன்றத்தில் மனுப் போடலாம், இந்தக் காகிதம் ஒன்று போதும் என்றார். வீட்டுக்கு நடந்தே வந்தேன். அம்மாவிடம் இப்போதே சொல்லவேண்டாம். அவள் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். அவளிடம் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க என்னால் முடியாது.


ஏப்ரல் 29, புதன்

திருப்பி வாங்கிவிட்டார்கள். இன்னொரு கடிதம். முந்தைய பதில் எழுத்தர் பிழையாம். அதை ரத்து செய்கிறார்களாம். அப்படிப்பட்ட புகைப்படங்கள் எதுவும் எடுக்கப்படவில்லையாம். மரணம் விபத்து என முடிவு செய்யப்பட்டுக் கோப்பு மூடப்பட்டதாம். கடைசி வரி இது: "இறந்தவரின் உடையைக் குடும்பத்தினரே துவைத்துவிட்டதால் மேற்கொண்டு ஆய்வு செய்ய வழியில்லை."

விபத்துதானே? அப்புறம் துணியில என்னத்தடா ஆய்வு பண்ணப் போறீங்க? எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? படிக்கத் தெரிஞ்சாலும் ஒண்ணும் கிழிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்க.

நீதிமன்றத்தில் ஜூலைக்குத்தான் தேதி கிடைக்கும் என்கிறார் வக்கீல். அதற்குள் அந்தப் படம் இருக்குமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். மேசைமேல் பறந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.


மே 4, திங்கள்

அம்மா கடிதத்தைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். கடைசி வரியையும் நர்ஸ் படித்துக் காட்டிவிட்டாள்.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். முதுகில் என்ன இருந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி மசகு, விரல், நான் ஒற்றி எடுத்த விதம்வரை. இரண்டு மாதமாக இவளிடம் மறைத்ததை ஒரு நிமிடத்தில் சொல்ல முடிந்தது.

"நான்தானேடா வெக்காதன்னு சொன்னேன்."

இல்லம்மா, துவைத்தது நான் என்றேன். இல்லை, சொன்னது நான் என்றாள். இரண்டு பேரும் பாவத்துக்குப் பங்கு கேட்டுச் சண்டை போட்டோம். பிறகு அலமாரியைத் திறந்து சட்டையை எடுத்து மடியில் விரித்து, முதுகுப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. என் வேலையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.


மே 7, வியாழன்

மேலாளரின் மச்சானை இன்று கடைத்தெருவில் பார்த்தேன். செருப்புக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். சாதாரணக் கை. நகத்தில் அழுக்கு.


மே 11, திங்கள்

நான் கூப்பிடவில்லை. அம்மாவே விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தாள்.

மனு எதுவும் கொண்டுவரவில்லை. நேரே முன்மேசைக்குப் போய் நின்றாள். எழுத்தர் என்னைப் பார்த்து, கோப்பு மூடியாச்சே, அம்மாவ வேற ஏன் அலைக்கழிக்கிற என்றார். அம்மா அவரைத் தன் பக்கம் திரும்பச் சொன்னாள்.

"எம் பொண்ணோட முதுக நான் பாக்கணும் சார். அந்தப் படத்த எடுங்க."

"படமே எடுக்கலம்மா. கேஸ் முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சா முடியட்டும். நான் கேஸக் கேக்கல. படத்தக் கேக்குறேன்."

இன்ஸ்பெக்டர் அறைக் கதவு திறந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவு திரும்ப மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

அம்மா குரலை உயர்த்தவில்லை. எழுத்தர் எழுதிக்கொண்டிருந்த பதிவேட்டின்மேல், அந்தப் பக்கத்தின்மேலேயே, தன் வலது கையை விரித்து வைத்தாள். பினாயிலில் வெளுத்துப்போன விரல்கள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"யாரோட கை சார் அது?"

எழுத்தர், மனுவோடு எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். அந்த மனிதர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கையை எடுக்கவில்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியும். யாரோட கை?"