கை நனைக்காத செயலாளர்

12-7-82

மொக்கைச்சாமி மாட்டுக் கொட்டகைக்குக் கால் ஊன்றிவிட்டார். எங்கே? எங்கள் வீட்டுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகிற ஓடையின் மேலேயே! லாரி வைத்திருக்கிற மனுஷர், மண்ணுக்கும் கல்லுக்கும் பஞ்சமா? பாதி ஓடையைத் தூர்த்தாயிற்று. காலனியிலேயே பள்ளமான வீடு எங்களுடையது. ஐப்பசி மழை எங்கே போகும்? எங்கள் அடுப்படிக்குத்தான். என் மனைவி ஆரோக்கியத்துக்கோ ஈரம் பட்டாலே இளைப்பு வந்துவிடும்.

"காலனிச் சங்கத்துல போயிச் சொல்லுங்க" என்கிறாள். சங்கமாம், சங்கம்!

13-7-82

சொன்னேன். தலைவர் இன்பசேகரன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கொடியைக் காட்டி முழு ரயிலையே நிறுத்தியவருக்கு ஒரு மாட்டை நிறுத்தத் துப்பில்லை. பூங்காவில் வைக்கோல் படப்பு. 'கால்நடை வளர்க்கக் கூடாது, பொது இடத்தில் கட்டடம் கூடாது' என்று சங்கமே நட்டு வைத்த பலகையில் எவளோ வரட்டி தட்டியிருக்கிறாள். அதையும் கூட்டிப்போய்க் காட்டினேன். சிரிக்கிறார்.

"பேசிக்கிருவோம் சார்."

இந்த ஆள் வாயில் வேறு வார்த்தையே வராதா?

1-8-82

கொட்டகை முடிந்த சந்தோஷத்தில் கெடா வெட்டு. கமிட்டி மொத்தமும் பந்தியில். தலைவர் இலையில் மட்டும் ஈரல் தனியாக. மொக்கைச்சாமி வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க வராம எப்படிண்ணே?" சாமிக்கு வெட்டிய கறி எங்கள் வேதத்துக்கு ஆகாது என்று சொல்லித் தப்பித்தேன். வேதமாவது ஒன்றாவது. அந்த வீட்டில் ஒரு வாய் சோறு தின்றால் அப்புறம் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. இந்த ஊர் லட்சணம் எனக்குத் தெரியாதா?

8-8-82

நினைத்தது சரி. கூட்டத்தில், கொட்டகையை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கிற பேச்சை எடுத்தேன். பொருளாளர் காசிமாயன் நெளிகிறார். "போன வாரந்தான் அவுக வீட்டுல தின்னோம். கைவாசம்கூடப் போகல. எந்த முகத்தோட சார் போயிக் குடுக்குறது?" சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் ஆடுகிறது. தூ! இவர்களெல்லாம் பேப்பர் படிக்கிறவர்கள்.

2-9-82

எதிர்வீட்டு நல்லகாமன் மதிலை ரோட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார். மத்தியானம் அங்கே பிரியாணி வாசம். கமிட்டி போயிருக்கும்.

10-10-82

என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? "லாசர் சார் ஒருத்தருதான் எங்கயும் கை நனைக்காதவரு. அவரே நோட்டீசு குடுக்கட்டும்." தங்கள் கோழைத்தனத்தை மூட்டை கட்டி என் தலையில் வைக்கிறார்கள். வைக்கட்டும். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவனுக்கு நோட்டீஸ் எழுதவா தெரியாது? வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே போய் மொக்கைச்சாமி கையில் கொடுப்பேன்.

16-10-82

சனி. விடியும் முன்பே பிடித்த மழை. ஓடைத் தண்ணீர் கொட்டகையில் முட்டி இந்தப் பக்கம் திரும்புகிறது. அடுப்படிக்குள் வந்துவிட்டது. ஆரோக்கியம் மூச்சுக்கு

19-10-82

அன்றைக்கு அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முழங்கால் தண்ணியில அவ மூச்சு வாங்க முடியாமத் தவிக்கிறா. நான் வாசலில் நின்று கத்துகிறேன். தலைவர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார். வந்தது யார்? மொக்கைச்சாமி. அவளைத் தோளில் போட்டு, லாரியில் ஏற்றி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்தது அவர்தான். "மதினிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, நான் இருக்கேன்ல?"

அடப்பாவி, உன் கொட்டகையாலதானய்யா இம்புட்டும்! இப்படிக் கேட்க வந்தவன், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மனைவி பாண்டியம்மாள் வேளாவேளைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருகிறாள். முதலில் வேண்டாம் என்றேன். நேற்று சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. வெட்கமில்லாமல் மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.

31-10-82

ஆரோக்கியம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கர்த்தருக்குத் தோத்திரம். சுவரெல்லாம் இன்னும் ஓதம். எழுதி வைத்த நோட்டீஸ் அலமாரியில் நனையாமல் கிடக்கிறது.

7-11-82

கூட்டம். மொக்கைச்சாமியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காசிமாயன் வேண்டுமென்றே கேட்டார்: "என்ன செயலாளர் சார், நோட்டீசு என்னாச்சு?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"பேசிக்கிருவோம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கேவலம். இன்பசேகரன் கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

9-11-82

மறுபடியும் தெற்கே மேகம் கட்டுகிறது. ஆரோக்கியத்தின் கட்டிலை உயர்த்த வேண்டும். மொக்கைச்சாமி லாரியிலிருந்து தானே செங்கல் இறக்கி வந்து, குனிந்து ஒவ்வொரு காலுக்கும் முட்டுக் கொடுத்தார்.

"இம்புட்டு உசரம் போதுமாண்ணே?"

இன்னும் ஒரு கல் வைக்கச் சொன்னேன்.