எண் இல்லாத ஏழு தக்கைகள்

இல்லை அப்பா, நான் அதைத் தேடிப் போகவில்லை. அம்மா பரணை ஒழித்தாள். பிஸ்கோத்து டப்பா ஒன்று என் கைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரிக் கார்பாலிக் வாடை. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் சட்டை வாடை இன்னும் டப்பாவுக்குள் இருக்கிறது.

உள்ளே ஏழு தக்கைகள். மருந்துப் புட்டித் தக்கைகள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றிலும் எண் இல்லை.

மை அழிந்திருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. ஆனால் தக்கை மையை உறிஞ்சும். அழிந்தாலும் கறை நிற்கும். இவற்றில் கறைகூட இல்லை.

நல்ல விஷயமாகத்தான் இது ஆரம்பித்தது. பென்னாகரத்து இளைஞர் சங்கத்தார் வாசகசாலையில் ஒரு பலகை வைக்கப்போகிறார்கள். காவிரியில் நடந்த பரிசல் பந்தயங்கள், வருஷவாரியாக வென்றவர்கள் பெயர். பந்தயம் நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. யுத்தத்தில் எருமைத் தோலெல்லாம் பட்டாளத்துப் பூட்ஸுக்குப் போனது. பரிசலுக்குத் தோல் இல்லை. இந்தத் தையில் மறுபடி நடத்த வேண்டுமென்கிறார்கள். சங்கக் காரியதரிசி சின்னசாமி தருமபுரிக்கே வந்து என்னைக் கேட்டார்.

"கம்பவுண்டரய்யா நோட்டு எழுதி வச்சிருந்தாருன்னு சொல்றாங்க. அதைப் பாத்து நீங்கதானுங்கக்கா எழுதிக் குடுக்கணும். நம்ம ஊரு சரித்திரமாச்சே."

சரித்திரம். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

உங்கள் நோட்டு சுத்தமாக இருந்தது. ஏழு பந்தயம். ஒவ்வொன்றிலும் ஏழு ஆள். யாருக்கு எந்தப் பரிசல், யார் முதலில் வந்தது. படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றேன். எவனும் அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஜெயிக்கவில்லை. அதற்குக் காரணமும் அதே பக்கத்தில் இருந்தது. ஜெயித்தவனுக்கு மறு வருஷம் ஏழாம் பரிசல் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும். தவறாமல்.

ஏழாம் பரிசலை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். மற்ற ஆறும் ஒற்றைத் தோல். அது மட்டும் கிழிந்து, மேலே இன்னொரு தோல் போட்டுத் தைத்தது. தண்ணீர் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். அதற்குக் கெழவி என்று பெயர்.

காணும் பொங்கல். ஒகேனக்கலுக்கு மேலே ஆறு அகன்று, சத்தமில்லாமல் போகிற இடம். இக்கரை சேலம் ஜில்லா. அக்கரை கோயமுத்தூர் ஜில்லா, பேச்சு கன்னடம். பாறையில் ஏழு பரிசலும் கவிழ்ந்து வெயில் காயும். அக்கரை போய், அங்கே நிற்பவர் நீட்டுகிற வேப்பங்கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, துடுப்பால் பாறையைத் தொட வேண்டும். முதலில் தொட்டவனுக்கு, ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த மிட்டாதார் பித்தளைக் குடம் கொடுப்பார்.

முதல் வருஷம் அவரவர் பரிசல். அக்கரைப் பசவன் ஜெயித்தார். "அவன் பரிசலு கன்னுக்குட்டித் தோலு, அதான் பறக்குது" என்று இக்கரை முத்தன் சொல்லப்போக, துடுப்புகள் தலைகளில் இறங்கின. அன்று நீங்கள் பதினொரு தலைக்குக் கட்டுப் போட்டதாக அம்மா சொல்வாள். அதன்பின் மிட்டாதார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பரிசல் பொது, துடுப்புதான் சொந்தம். யாருக்கு எது என்று சீட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குடம் கிடையாது. தலைக்குக் கட்டுப் போட்டவர் என்பதால் சீட்டும் உங்கள் பொறுப்பாயிற்று.

சீட்டு என்றால் இந்தத் தக்கைகள். எடுத்த கை என்னுடையது. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை.

நீங்கள் பெயரைச் சொல்வீர்கள். நான் டப்பாவுக்குள் கையை விடுவேன். "பார்த்து எடுக்காதே. எடுத்ததையும் பார்க்காதே. பார்த்தால் கை கெட்டுப்போகும்." கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, மூடிய விரல்களோடு உங்களிடம் நீட்டுவேன். நீங்கள் வாங்கித் திருப்பிப் பார்த்து உரக்கச் சொல்வீர்கள். மூன்று. ஐந்து. ஏழு.

ஏழு என்றதும் கரையே எழுந்து நிற்கும். "கெழவி! கெழவி! கட்டிக்கடா மாப்ளே!" போன வருஷம் ஜெயித்தவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். யாரோ ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "நாயம் பாக்குற கைடி இது. கம்பவுண்டரு மவ எடுக்கல, ஆத்தா எடுக்குறா."

நான் நம்பினேன். இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. சென்னையில் விடுதி மாடியில், விளக்கடியில், சாமி இல்லை என்று தோழிகளோடு வாதாடியிருக்கிறேன். வாதம் முடிந்ததும் என் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். சாமி இல்லாமல் இருக்கலாம். இந்தக் கை இருக்கிறதே.

அந்தக் கையால்தான் போன வாரம் கணக்குப் போட்டேன். ஏழில் ஒரு வாய்ப்பு. அது தொடர்ந்து ஆறு தடவை. பெருக்கிக்கொண்டே போனால் லட்சத்தைத் தாண்டுகிறது. லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. கணிதம் படிக்க அனுப்பியவர் நீங்கள்.

அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. அது வராமல் இருந்திருக்கலாம். உங்கள் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் புட்டிமேல் ஒட்டிய காகிதத்தைப் படிக்க அது இல்லாமல் உங்களால் முடியாது. மேஜையைத் தடவுவீர்கள், நான் ஓடிப்போய் எடுத்து வருவேன். ஆற்றங்கரையில் தக்கைகளை வாங்கிப் படித்தபோது கண்ணாடி எங்கே இருந்தது? சட்டைப் பையில். ஆறு வருஷமும் சட்டைப் பையில். பாறை வெயிலில் அது மின்னுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் படிக்கவில்லை. சொன்னீர்கள்.

யாருக்காக? பொங்கல் கழிந்ததும் நம் வீட்டுக்கு ஒரு குடுவை மலைத்தேன் வரும். கொண்டுவந்தது யார் என்று நான் கேட்டதில்லை. ரொட்டியில் தடவித் தின்றேன். இப்போது கேட்கிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? உங்கப்பா எதைச் சொல்லிட்டுச் செஞ்சாரு?" என்றாள். ஒழித்த பாத்திரத்தை மறுபடி பரணில் ஏற்றத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன். பாப்பாரப்பட்டியில் கொள்ளுக் கூடைகளோடு கூட்டம் ஏறி, என் மடிமேல் ஒரு கோழி வந்து உட்கார்ந்தது. டப்பாவைக் கோழிக்கும் கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். பென்னாகரத்தில் இறங்கி, ஒரு மாட்டுவண்டி பிடித்து, ஆற்றுக்கு.

பசவன் இருந்தார். இன்றைக்கும் பரிசல்தான். தாடி நரைத்திருக்கிறது. தோள் நரைக்கவில்லை.

"கம்பவுண்டரு பாப்பாவா! அடையாளமே தெரியலீங்களே. படிச்சுப் படிச்சு கண்ணு உள்ள போயிடுச்சு."

டப்பாவைத் திறந்து நீட்டினேன். எட்டிப் பார்த்தார். ஒரு தக்கையை எடுத்து மூக்கில் வைத்தார். சிரித்தார்.

"இதுல எண்ணு இல்லைங்க" என்றேன்.

"எப்ப இருந்துச்சு?"

தக்கையை டப்பாவில் போட்டார். அவரே சொன்னார்.

"மொத வருசம் நான் ஜெயிச்சனா? மறுவருசம் ஒருத்தனும் துடுப்பு தூக்க வரல. 'அதான் பசவன் இருக்கானே, நாங்க எதுக்கு வேர்க்கணும்'னானுங்க. முத்தன் காலு கையெல்லாம் வலின்னு படுத்துக்கிட்டான். உங்கப்பா எங்க ஏழு பேரையும் கூப்புட்டு ஆஸ்பத்திரி பின்னால உக்கார வச்சாரு. 'போன வருசம் ஜெயிச்சவன் இந்த வருசம் கெழவியை எடு. சம்மதமா?'ன்னாரு. எனக்குத்தான மொதல்ல நட்டம்? நான்தான் மொதல்ல சம்மதம்னேன். அவனுங்க வந்தானுங்க. மிட்டாதாருக்குச் சீட்டு வேணும். ஊருக்கும் சீட்டு வேணும். அதனால சீட்டு."

"ஏழு பேருக்கும் தெரியுமா?"

"ஏழு பேருக்கும். ஒருத்தன் வெளிய விடல, பாத்துக்கங்க. பொண்டாட்டிகிட்டக்கூட."

"என்கிட்டயும் சொல்லக் கூடாதா?"

அவர் துடுப்பைத் தரையில் ஊன்றி என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் பாப்பா முக்கியமா சொல்லக் கூடாதுன்னாரு. உன் மூஞ்சியப் பாத்துத்தான ஊரு நம்பிச்சு."

அப்பா, அந்த இடத்தில் ஆறு சத்தமே போடவில்லை.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். கெழவியை அவர் முதன்முதலாக ஓட்டிய வருஷத்தில் நான் நின்றுவிட்டேன். எட்டு வயது. உங்கள் தோள்மேல். பரிசலின் முன்விளிம்பில் மண்டியிட்டு, தண்ணீரைத் தன்பக்கம் வாரி வாரி இழுத்துக்கொண்டு பசவன் வருகிறார். ஒரு வீச்சு பிசகினால் பரிசல் சுற்றும், அவருக்குச் சுற்றவில்லை. வாயில் வேப்பங்கொத்து. கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. மற்ற ஐந்து பேரையும் தாண்டிவிட்டார். முத்தன் மட்டும் முன்னால். துடுப்புகள் இரண்டும் பாறையை நோக்கி நீள்கின்றன. முத்தன் துடுப்பு ஒரு சாண் முன்னால் தொட்டது. பசவன் கொத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார். தோற்றவன் ஏன் சிரிக்கிறான் என்று உங்களைக் கேட்டேன். "நல்ல போட்டி" என்றீர்கள். உங்கள் கால்கள் நடுங்கின. தோள்மேல் இருந்த எனக்குத் தெரிந்தது. கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று நடுங்கினீர்களா? பசவன் கெழவியை வைத்தே ஜெயித்துவிடுவாரோ என்றா?

போட்டி நல்ல போட்டிதான். அதை மறுக்க மாட்டேன். நீங்கள் செய்ததால் ஆறு வருஷம் ஏழு பேரும் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டார்கள். தலைகளுக்குக் கட்டுப் போட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கரையும் ஒன்றாக உட்கார்ந்து பொங்கல் தின்றது. எல்லாம் தெரிந்தவர்கள் எட்டுப் பேர். தெரியாதவர்கள் ஒரு மிட்டாதார், ஒரு ஊர், நான்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "பொங்கலுக்கு அப்புறம் எங்க வூட்டுக்குத் தேன் வருமே. அது யாரு குடுத்தது?"

"எந்தத் தேனு?" என்றார் பசவன்.

நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா? முகத்தைப் பார்த்தேன். ஏழு பேரில் ஒருவராக இத்தனை வருஷம் வாய் திறக்காதவரின் முகம் அது. அதை வைத்து என்ன சொல்ல முடியும்? வைத்தியம் பார்த்த மலைக்காரர் எவராவது கொடுத்திருக்கலாம். கெழவியை வேறொருவனுக்குத் தள்ளிவிடச் சொல்லி எவராவது கொடுத்துப் பார்த்திருக்கலாம். நீங்கள் தேனை வாங்கிக்கொண்டு காரியத்தைச் செய்யாமல் இருந்திருக்கலாம். உங்கள் நோட்டில் தேன் இல்லை.

சின்னசாமிக்கு விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"இதெல்லாம் பலகையில எழுதணுங்களாக்கா? பேரை மட்டும் போட்டா போதாதுங்களா? படிக்கிறவங்க சூதுன்னு சொல்லிடுவாங்க."

"சூதுதானே?"

"இருந்தாலும்... உங்கப்பா பேரு கெட்டுப்போகுமேன்னு பாக்குறேன்."

"அவர் பேரு கெடட்டும். பசவன் பேரு கெட்டுப்போய்க் கிடக்குது, அதைப் பாருங்க. மொத வருசம் ஜெயிச்சாரு, அப்புறம் ஏதோ ஒண்ணு ரெண்டு தடவைன்னு பலகை சொல்லும். கெழவியோட ஒரு சாண்ல தோத்ததை எந்தப் பலகை சொல்லும்?"

அவர் தலையைச் சொறிந்தார். போன வருஷம் ஜெயித்தவர்கள் சொறிந்த மாதிரியே. பாதி மனசோடு சம்மதித்தார். இந்தத் தையில் சீட்டுக்கு நான் வர வேண்டும் என்றும் கேட்டார். ஜெயித்தவனுக்குத்தான் கெழவி என்று கரையில் எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள், சீட்டே வேண்டாம் என்றேன். "அதுல என்னங்கக்கா இருக்கு, சப்புன்னு போயிடும்" என்றார். போகட்டுமே. பார்க்கலாம்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் எதற்கு என்று ஒவ்வொரு நாளும் மாறுகிறது. ஒரு நாள், ஊரை ஏமாற்றினதற்கு. ஒரு நாள், ஒன்பதாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளாததற்கு. எட்டு வயதில் சொல்லியிருக்க வேண்டாம். பதின்மூன்றில் சொல்லியிருக்கலாம். சென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டபோது சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "பத்திரம்" என்றீர்கள்.

என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான். ஒரு சாதாரண வலது கை. அதோடு, எவர் எதைப் படித்துச் சொன்னாலும், அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்க்கிற பழக்கம்.

நேற்றுக் காலை வாசகசாலைக்குப் போனேன். பலகைக்குக் கறுப்பு பூசிக் காயவைத்திருந்தார்கள். பெயர் எழுதுகிறவரிடம் பட்டியலைக் கொடுத்தேன். முதல் வருஷம் தவிர, வருஷத்துக்கு இரண்டு பெயர்: ஜெயித்தவர், கெழவியை ஓட்டியவர். அடியில் ஒரு வரி: ஜெயித்தவருக்கு மறு வருஷம் கெழவி, ஓட்டிய எழுவரும் கம்பவுண்டரும் பேசிச் செய்த ஏற்பாடு. அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பெயரையும் நானே படித்தேன்.