மலாயாக் கீரையும் மலையனூர்ச் சத்தியமும்

மருமகள் மாடித் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தாள். கசக்கினேன், மாங்காய் வாசனை. "உலாம் ராஜா அத்த, மலேசியாக் கீரை. பச்சையாவே சாப்பிடலாம்" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். உன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அறுபதுகளில் என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு மலாயாவிலிருந்து செஞ்சிக்கு வந்தாய். உன் தாய் தகப்பன் அங்கேயே ரப்பர் தோட்டத்தில். கொண்டுவந்த விதையைக் கிணற்றடியில் தூவினாய். முளைத்த கீரையை அடுப்பிலேயே வைக்காமல், மிளகாய்ச் சாந்தில் தோய்த்துச் சோற்றோடு கடித்தாய். "ஆடு துன்றத இவ துன்றாளே" என்று நம் மாமியார் முகம் சுளித்தார்.

ஒரு நாள் என் மகனும் உன்னோடு உட்கார்ந்து இரண்டு இலை தின்றான். பொழுது சாய்வதற்குள் வாந்தி, கண் செருகியது.

"கடல் தாண்டி வந்தவ எலயில மருந்து வச்சிட்டா. மலையனூர் அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணட்டும். இல்லன்னா கப்பல் ஏத்திவுடு" என்றார் மாமியார். உன் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு திண்ணைப் பக்கம் நகர்ந்தான். அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு.

"பண்றேன் அத்த. மொதல்ல புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாய். சத்தியம் செய்தவள் என்ற பேர் ஒட்டிவிட்டால், அப்புறம் உன் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

கூடையில் மிச்சமிருந்த இலைகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். "மருந்துன்னா எனக்கும் சேத்து ஆவட்டும்." மென்றேன்.

மடியிலிருந்த மகன் விசும்பினான். "கீர இல்லம்மா. கோட்டையாண்ட காட்டாமணக்குக் கொட்ட துன்னேன். நீ அடிப்பியேன்னு சொல்லல."

வண்டி கட்டி ஓடினோம், பிழைத்தான். மாமியார் மன்னிப்பா கேட்பார்? மறுநாள் சாப்பிடும்போது, "எனக்கும் நாலு எல வையி" என்றார். அவ்வளவுதான்.

பிறகு உன்னிடம் மறைக்காமல் சொன்னேன்: "உன்ன நம்பித் துன்னேன்னு நெனைக்காத. பயந்துகினேதான் துன்னேன்."

"தெரியும்க்கா. உங்க கை நடுங்குனதப் பாத்தேன். நம்பிட்டுத் துன்றது இன்னா பெரிசு?" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒருத்தியை ஊரே கூடிக் குற்றம் சொல்லும்போது இன்றும் எனக்குக் கை நடுங்கும். நடுங்கட்டும் என்று போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.