டாலி யாருடைய குதிரை

1873 மார்ச் 4
காலையில் சதுப்பு முழுக்கப் பனிமூட்டம். அதற்குள் டாலி நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. பைத்தியம்தான் எனக்கு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை ஜார்ஜியாவுக்குள் வந்து அடிமைகளான எங்களை விடுவித்தபோது அவளையும் ஓட்டிப்போனது. இப்போது அப்படிப் பறிகொடுத்தவர்களுக்கு அரசு ஈடு தருகிறதாம். அவள் என்னுடையவள் என்று நிரூபிக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் தம்பி குவாஷ் சாட்சி.

நிரூபிக்க என்ன இருக்கிறது? எசமான் பாஸ்கமின் நெல்வயலில் அன்றைய பங்கு வேலையை முடித்துவிட்டால் மீதிப் பொழுது நம்முடையது. அடிமைக் காலத்தில் அதுதான் இங்கே வழக்கம். அந்தப் பொழுதுகளில் பன்றி வளர்த்து விற்றுத்தான் அவளைக் குட்டியாக வாங்கினேன்.

மார்ச் 11
கனவில் டாலி ஆற்றின்மேல் நடந்து வந்தாள். குளம்பு நனையவே இல்லை.

மார்ச் 19
விசாரணை. பாஸ்கமையும் வரச்சொல்லியிருந்தார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"குதிரை யாரோடது?" என்று அதிகாரி கேட்டார். குவாஷ் பாஸ்கமைப் பார்த்தான். "எல்லாமே எசமானோடதுதாங்க" என்றான்.

பாவி! வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்: "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நெனச்சு சொல்லல அண்ணி. அவரப் பாத்ததும் வாய் தானா சொல்லிடுச்சு. அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே முதுகக் காப்பாத்திக்கிட்டோம்?"

அவனை அதற்குமேல் எப்படித் திட்டுவேன்?

மார்ச் 20
இன்று என் முறை. அதிகாரி நல்ல மாதிரிதான், சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீயே அவரு சொத்தா இருந்தியே. சொத்துக்கு ஏதும்மா சொத்து?"

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "அவரையே கேளுங்க ஐயா. டவுனுக்குப் போக டாலிய எங்கிட்ட வந்து கேட்டாரா இல்லையா?"

பாஸ்கம் எழுந்தார். பொய் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"கேட்டேன்" என்றார். "வயித்துல குட்டி இருக்கு, தரமாட்டேன்னுட்டா. நடந்துதான் போனேன்."

அறை முழுக்கச் சிரிப்பு.

ஜூன் 2
தகவல் இல்லை. புளித்த சோளரொட்டி. மழை.

1874 பிப்ரவரி 9
கிடைத்துவிட்டது! கேட்ட பணத்தில் பாதிதான். ஆனால் டாலிக்காக.

குமாஸ்தா தீர்ப்பைப் படித்துக் காட்டினான். குவாஷின் சாட்சி நம்பத்தக்கதல்லவாம். நான் சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை. முன்னாள் எசமான் ஒப்புக்கொண்டதால் தருகிறார்களாம்.

"எப்படியோ கெடச்சுதே அண்ணி" என்று குவாஷ் என் கையைப் பிடித்துக் குதித்தான்.

"கெடச்சுதுடா" என்றேன். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். பாதி சந்தோஷம்தான்.

நான் யாருடைய சொத்தும் இல்லை இப்போது. ஆனாலும் டாலி என்னுடையவள் என்பதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.