பேனரிலிருந்து கூட்டிவந்த பிள்ளை

புதூர்நாடு மலை
பங்குனி 10, செவ்வாய்

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி அருணாவும் ஆடு ஐந்தும் சுகமாக இருக்கிறோம், என் முட்டி மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ, அதைக் கீழே எழுதுகிறேன். புனேவில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் காளியம்மா பார்த்துக்கொள்வாள். உன் மானத்தையும் அவளிடமே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், அவளுக்கு ஊர்ப்பட்ட வேலை இருக்கிறதே என்று நானே பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், நடுவில் வைக்கவும் முடியாது. ரூமில் உட்கார்ந்து முழுசாகப் படி, கம்பெனி கேண்டீனில் படிக்காதே, சோறு இறங்காது.

இந்த வருஷம் புளி நல்ல காய்ப்பு. தட்டி ஓடெடுத்து நார் பிரித்து எட்டு மூட்டை கட்டியாயிற்று, இன்னும் நாலு மூட்டைக்குக் களத்தில் காய்கிறது. பலா இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கிறது, நீ கல்யாணத்துக்கு வரும்போது பழுத்துவிடும், கல்யாணம் நடந்தால். அருணாவுக்குப் பரீட்சை முடிந்தது, நன்றாக எழுதினேன் என்கிறாள், உன்னைப் போலவே சொல்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது. சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜீப்புக்காரன் கண்ணாயிரம் ஜாமீனில் வந்துவிட்டான். அவன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், உனக்கு மறந்துபோயிருக்கிறது. முதல் பெண்சாதிக்கு முன்பல் இரண்டை உடைத்தான், அவள் ஆந்திரா பக்கம் ஓடிப்போனாள். இரண்டாவது வசந்தி. போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள் குழம்பில் உப்பு அதிகம் என்று உலக்கையால் அடித்து அவள் கையை இரண்டு இடத்தில் முறித்தான். வாசலில் ஜீப்பு நின்றது, சாவி அவன் இடுப்பில் இருந்தது, எல்லாரும் கேட்டும் அவன் தரவில்லை. ஆம்புலன்ஸ் நம்ம ஊர்ப் பாதையில் ஏறாது என்பதால் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி நாலு பிள்ளைகள் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அந்த நாலு பேரில் நீ ஒருத்தன். திரும்பி வந்தபோது உன் வலது தோளில் தோல் வழன்றிருந்தது, நான்தான் எண்ணெய் காய்ச்சிப் போட்டேன். கண்ணாயிரம் அன்றைக்கே ஓடிப்போனான், ஐப்பசியில்தான் அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், பேப்பரில்கூடப் படம் வந்தது. இப்போது மாசியில் வெளியே விட்டார்கள். வந்த வேகத்தில் பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டுக்கொண்டு பச்சை வேட்டியில் திரிகிறான். மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம், எல்லாரும் சாமி என்கிறார்கள். நானும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பின்னாடி போய்க் காறித் துப்பிவிட்டு வருகிறேன்.

அவன் வந்ததற்கு ஜீப்பு ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்குமேல் கட்டை நட்டு, நடுவில் அவன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் ஒரு சிங்கம், மலைச் சிங்கமே வருக வருக என்று எழுத்து. கீழே வட்டம் வட்டமாகப் பதினாறு பையன்கள் முகம். அதை முதலில் பார்த்தது உன் அப்பா. அவர் நடுவில் இருக்கிறவனையும் பார்க்கவில்லை, எழுத்தையும் படிக்கவில்லை, இரண்டாவது வரிசையில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு யாருடைய பைக்கிலோ சாய்ந்து நிற்கிற உன்னைத்தான் பார்த்தார். டீக்கடையில் இருந்தவர்களையும் பஸ் கண்டக்டரையும் கையைப் பிடித்து இழுத்து, எம் புள்ள, புனேல கீறான், போட்டோ போட்டுக்கீறாங்க பாரு என்று காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடமும் மார் நிமிர்த்திச் சொன்னார். யாரு பேனருய்யா அது என்று கேட்டேன். அப்புறம்தான் மனிதர் தலையைச் சொறிந்தார். நான் போய்ப் பார்த்தேன். உன் முகத்துக்குக் கீழே புனே வெற்றி என்று போட்டு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரியாக, என்றும் அண்ணன் வழியில் என்று போட்டிருந்தது. அண்ணன் வழி எது கண்ணு, உலக்கை எடுக்கிற வழியா. டோலி தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் முகம் அந்தப் பேனரில் இருக்கிறது. கேஸில் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் நீங்கள் நாலு பேர்தான். இது தற்செயலா, யாராவது யோசித்துச் செய்ததா, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, ஆனால் கண்ணாயிரத்துக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா. கூட டோலி தூக்கின ரஞ்சித்குமாருதான், அண்ணன் பேனருக்கு ஒரு போட்டோ அனுப்பு மச்சான்னு கேட்டான், அனுப்பினேன், எந்த அண்ணன்னு கேக்கலம்மா, சும்மா ஒரு போட்டோதான, இதுல இன்னா கீது என்றாய். எந்த அண்ணன் என்று கேட்காமலே அவன் வழியில் போக ஒத்துக்கொண்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, புளி தட்டுகிறபோது தூசி கண்ணில் விழுந்தது என்று அருணாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

நாலாம் நாள் ஒரு ஸ்கூட்டி வந்து வாசலில் நின்றது. இறங்கியது தமிழரசி. உனக்குப் பேசி வைத்திருக்கிற பெண், வைகாசியில் கல்யாணம், அவள் மாமியார் வீட்டுக்குத் தனியாக வருகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும். உன் அப்பா பயத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார், ஆட்டுக்குப் போட்ட தழையே அப்படியே கிடந்தது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரைக்குப் பதில் ரவையைப் போட்டுவிட்டேன், அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள். அத்த, அவரு டோலி தூக்கினாருன்னு கேள்விப்பட்டுத்தான் நான் எங்க வூட்ல சரின்னு சொன்னேன், இப்ப பேனர்ல கீறாரு, ரெண்டுல எது அவரு என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். உன் தோள் எனக்குத் தெரியும், பேனரில் இருக்கிற மூஞ்சிதான் யாருடையது என்று தெரியவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்க அத்த என்று போய்விட்டாள்.

அவள் ஸ்கூட்டி சத்தம் அடங்குவதற்குள் நான் கொடுவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தைக்கு ஆள் ஏறுகிற நேரம், ஸ்டாண்டில் நல்ல கூட்டம். உன் முகம் எனக்கு எட்டவில்லை. பேனருக்கு அடியில் கண்ணாயிரத்தின் ஜீப்பு நின்றது, அதன் பம்பரில் கால் வைத்து ஏறினேன், முட்டி போனது அங்கேதான். கண்ணாயிரம் டீக்கடையிலிருந்து பார்த்திருக்கிறான். கையில் கொடுவாளோடு நான் அவன் ஜீப்பில் ஏறுவதைக் கண்டதும் மலைச் சிங்கம் போண்டாச் சட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அங்கிருந்தே, இன்னாக்கா பண்ற, இன்னாக்கா பண்ற என்கிறான். சாமி, உங்கள ஒண்ணும் பண்ணல, கொஞ்சம் அங்கியே நில்லுங்க, எம் புள்ளைய வூட்டுக்கு இட்னு போவ வந்தேன் என்று சொல்லிவிட்டு உன்னைச் சுற்றி வட்டமாக அறுத்து எடுத்தேன். அவசரத்தில் உன் இடது காது பேனரிலேயே நின்றுவிட்டது, அதற்கு மட்டும் வருத்தம். அப்புறம் ரஞ்சித்குமார் அம்மா முனியம்மா, கெங்கம்மா, அந்தக் கொடுவாள இப்படிக் குடு, எம் புள்ளையும் அங்கதான் கீறான் என்று கை நீட்டினாள். அவள் எடுத்த பிறகு இன்னொருத்தி. சந்தை பஸ் வருவதற்குள் ஒன்பது பையன்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மிச்சம் ஏழு பேரை மறுநாள் காலையில் கூட்டிப்போனார்கள். பேனரின் கீழ்ப்பக்கமெல்லாம் பொத்தல், நடுவில் கண்ணாயிரம் ஒண்டியாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றான், சிங்கம்கூட ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

நாங்கள் இதைச் செய்த பிறகு அவன் ஜீப்பில் எங்கள் மூட்டையை ஏற்றுவதில்லை, ஏற்றச் சொன்னாலும் ஏற்ற மாட்டோம். ஜீப்புக்காரனப் பகைச்சிக்கினா புளிய எப்படிடி எறக்குறது என்று உன் அப்பா இரண்டு நாள் முனகினார். இப்போது அரசு பஸ்ஸில் நாளுக்கு ஒரு மூட்டையாகத் தானே தூக்கிக்கொண்டு திருப்பத்தூர் போகிறார். கண்டக்டர் அவருக்கும் மூட்டைக்கும் சேர்த்து ஒரே சீட்டுத்தான் தருகிறார், ஜன்னல் பக்கம் மூட்டைக்கு. சந்தோஷமாகத்தான் போய் வருகிறார், வெளியே காட்டிக்கொள்வதில்லை.

பொத்தலான பேனர் தானாகவே சரிந்து கீழே விழுந்த அன்று வசந்தி வந்தாள். அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், கைக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள், முழங்கையை முழுசாக மடக்க வராது. யாருக்கும் வோணாம்னா அத நான் எடுத்துக்கறேன், புளி காய வெக்க படுதா இல்ல என்றாள். ஓட்டை ஓட்டையா கீதே, புளி ஒழுவாதா என்று முனியம்மா கேட்டாள். ஓரத்துலதான் ஓட்ட, நடுவுல நல்லா கீது என்றாள் வசந்தி. கண்ணு, இந்த ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இப்போது அவள் களத்தில் அவன் நெஞ்சு மேல் புளி காய்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிறார்கள், அவள் காலில் செருப்பு போட்டுக்கொண்டுதான் மேலே நடந்து கிளறிவிடுகிறாள், சூடு தாங்கவில்லையாம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கோர்ட்டிலிருந்து உன் பேருக்கு சம்மன் வந்திருக்கிறது, சித்திரை பதினொன்று, வெள்ளிக்கிழமை, திருப்பத்தூர். வா. கம்பெனியில் லீவு தர மாட்டார்கள் என்று சொல்லாதே, போன தீபாவளிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நாலு நாள் எடுத்தாய், இதற்கு உண்மையையே சொல்லி எடுக்கலாம். ரஞ்சித்குமாரும் வருகிறான், முனியம்மா அவனை விடுவதாக இல்லை. நீ பார்த்ததைச் சொல், சாவியைத் தரவில்லை என்பதைச் சொல், வசந்தி டோலியில் வழியெல்லாம் போட்ட சத்தத்தைச் சொல், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். நீ வராமல் இருந்துவிட்டால் நான் உன்மேல் கோபப்பட மாட்டேன், வெட்கப்படுவேன், அது உனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். எனக்கு உன்னைப் பற்றிச் சந்தேகம் இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் இருக்கிறது. அதை நீதான் வந்து தீர்க்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி போனை நோண்டாதே, யார் போட்டோ கேட்டாலும் எதற்கு என்று கேள். காளியம்மா உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நல்ல பெண்ணும் நல்ல பேரும் கொடுக்கட்டும். திருப்பத்தூரில் இறங்கினால் பஸ்ஸுக்கு நில், பஸ் போய்விட்டால் நடந்து வா, அந்த ஜீப்பில் மட்டும் ஏறாதே.

இப்படிக்கு உன் அம்மா
சி. கெங்கம்மாள்

கவருக்குள் உன் முகத்தை மடிக்காமல் வைத்திருக்கிறேன், பத்திரமாக எடு, காது இல்லை. தமிழரசியிடம்தான் முதலில் கொடுத்தேன். இது வோணாம் அத்த, ஆளு வரட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.